பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள்

பாதியாக வெட்டிய முட்டைக்கோவா ஒன்று என் வெட்டு மேசையில், வெள்ளைச் சாட்டின் துணிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தத் துணியோடு முந்தின நாள் முழுக்க நான் மல்லுக்கட்டியிருந்தேன். கல்யாண வீட்டில் பூத்தட்டு ஏந்தி நடக்கப்போகும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கவுன். அடுக்கடுக்காகச் சுருக்கம் வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது என்று பிள்ளையின் தாய் சொல்லியிருந்தார். மூன்று முறை சுருக்கி மூன்று முறை பிரித்துவிட்டேன். சுருக்கம் கூடினால் இடுப்பில் துணி மூட்டையாகத் திரண்டது. குறைத்தால் ஓரம் நனைந்த கோழி மாதிரித் தொங்கியது.

"என்னா புள்ள இது? துணியில தண்ணி பட்டா யாரு பதில் சொல்றது?" என்று, பட்டன் தைக்கப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"தொடச்சிட்டுத்தான் வச்சேங்கக்கா. கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கட்டும்," என்றாள்.

அவள் எங்கள் கடைக்கு வந்து மூன்றாவது வாரம் அது. பூண்டுலோயா பஸாரில் ஹாஜியாரின் துணிக்கடை. அதன் பின்பக்கம் தையல் பகுதி. அங்கே வெட்டுவது நான். கண்டியில் தங்கிப் படித்து வாங்கிய டிப்ளோமாவைக் கண்ணாடி போட்டு, என் தலைக்கு மேலே ஹாஜியாரே மாட்டி வைத்திருந்தார். அவள் பட்டன் தைக்கவும் ஓரம் அடிக்கவும் எடுத்த ஆள். அரை மணி நேரம் நடந்து வரும் தூரத்தில், தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஒற்றை அறை வீடு. கைச்சக்கர மெசினில் அக்கம்பக்கத்துச் சட்டைகளைத் தைத்துப் பழகியவள். படிப்பு என்று கேட்டால் சிரிப்பாள்.

கோவாவிலிருந்து ஒரு இலையைக் கழற்றி மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். இலை படியவில்லை.

"பாருங்கக்கா. அடியில நாலு விரல் அகலந்தான். ஓரத்துல ரெண்டு சாண் வருது. நீங்க நேரான துணியச் சுருக்கி வளைக்கப் பாக்குறீங்க. இது பொறக்கும்போதே வளைஞ்சு பொறந்திருக்கு."

பழைய பேப்பர் ஒன்றை வட்டமாக வெட்டினாள். நடுவில் ஒரு சின்ன வட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் கீறி, உள்வட்டத்தை நேராகப் பிடித்தாள். வெளி ஓரம் தானாக அலை அலையாக விழுந்தது. பிடித்த இடத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அப்படியே சாட்டினை வெட்டித் தைத்தோம். கல்யாண வீட்டில் அந்தக் கவுனைப் பற்றித்தான் பேச்சு என்று பிள்ளையின் தாய் கடைக்கு வந்து சொன்னார். கேக் கொண்டுவந்தார். அவள் கையில் கொடுத்தார்.

அந்த வெட்டு எனக்குத் தெரியாதது அல்ல. அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் போய் டிப்ளோமா நோட்டைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் படம் போட்டு, பெயர் எழுதி, சிவப்புப் பேனாவில் ஆசிரியை சரி போட்டிருந்தார். பாடமாக்கி எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன். ஒரு காய்கறியைப் பார்த்து அதே இடத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போன் பண்ணி அவளிடம் வாசித்துக் காட்டிவிடுவார்கள். "அக்கா நல்லாத்தானே எழுதியிருக்காங்க" என்பாள். அதை என்னால் தாங்க முடியாது.

சம்பந்தமில்லாத இரண்டு பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்பது அவளுடைய வழக்கம். குடையும் பாவாடையும். வாளியின் கைப்பிடியும் பையின் காதும். பஸ் சீட்டிலிருந்து கிழிந்து விழுந்த ரெக்சின் துண்டும் குழந்தைத் தொப்பியும். சில நாட்களில் ஒன்றும் நடக்காது. பேசாமல் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு ஓரம் அடிக்கப் போய்விடுவாள். சில நாட்களில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

தேநீரில்கூட இதே விளையாட்டுத்தான். பத்து மணிக்குக் கடைத் தேநீர் வரும். தன் பிளாஸ்கிலிருந்து லயத்துத் தேநீரையும் ஊற்றி, இரண்டிலும் மாறி மாறி ஒரு மிடறு குடிப்பாள்.

"ஒங்க டீ வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிருதுக்கா. எங்க டீ உள்ள வந்து ஒக்காந்துக்கிது," என்றாள் ஒருநாள். கல்லாவிலிருந்த ஹாஜியார் சத்தமாகச் சிரித்தார். எட்டு வருடமாக அந்தக் கடையில் இருக்கிறேன். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்தது இல்லை.

ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று பல நாள் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"அப்பிடி என்னாத்தத்தான் பாக்குற?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிரும். எங்க ஒத்துக்கலையோ, அதப் பாப்பேன். இதுக்கு ஏன் அது இல்ல, அதுக்கு ஏன் இது இல்லன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். வேற ஒண்ணும் இல்லக்கா."

வேறு ஏதோ இருக்கிறது, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

பஸாரிலிருந்து ஒரு பிள்ளை பள்ளிச் சீருடை தைக்க வந்தாள். வயது பதினான்கு இருக்கும். பிறப்பிலிருந்தே இடது தோள் இறங்கியிருந்தது. வருடா வருடம் நான்தான் அவளுக்கு வெட்டுவது. ஒவ்வொரு வருடமும் கொலர் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். நான் அளவு எடுப்பதில் பிழை வராது. அந்தப் பிள்ளைக்கும் அரை விரல் பிசகாமல் எடுத்து, இரண்டு பக்கமும் சமமாக வெட்டிக் கொடுப்பேன். பிள்ளை கண்ணாடியைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவாள்.

அந்த வருடம் பட்டன் தைப்பதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளையை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், எதிர் மலைச்சரிவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டைக் காட்டினாள்.

"சரிவுல வீடு கட்டுறவங்க மலையையா வெட்டி நேராக்குறாங்க? எறங்குன பக்கம் ரெண்டு வரி கல்லு கூட வைக்கிறாங்க. மேல சொவரு நேரா வந்துருது. தூரத்துல இருந்து பாத்தா சரிவே தெரியலைல்ல?"

பிள்ளை வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். சட்டையின் இடது தோளுக்குள் பஞ்சு வைத்து மெத்தை மாதிரி ஒரு துண்டு தைத்து, பாவாடையின் ஓரத்தை உடம்பிலிருந்து அளக்காமல் தரையிலிருந்து அளந்து அடித்தாள். போட்டுப் பார்த்ததும் பிள்ளை கண்ணாடி முன்னாலிருந்து நகரவில்லை. முன்பக்கம் பார்த்தாள், திரும்பி முதுகுப்பக்கம் பார்த்தாள். அவள் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. நானும் சந்தோஷப்பட்டேன், உண்மைதான். ஆனால் கூடவே ஒரு நினைப்பும் வந்தது. இத்தனை வருடமாக இந்தப் பிள்ளையைச் சரிந்த கொலரோடு அனுப்பியது யார் என்று இனிமேல் இந்தத் தாய் யோசிப்பாரே. அந்த நினைப்பு சந்தோஷத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது சிப் அறுந்த புத்தகப் பைகள் எங்களிடம் குவியும். அப்படி ஒருநாள், தன் அம்மாவின் கொழுந்துப் பையைக் கொண்டுவந்து ஒரு புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். தேயிலை எடுக்கிற பெண்கள் அந்தப் பையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். முப்பது வருடம் அப்படிச் சுமந்து அவள் அம்மாவுக்கு உச்சியில் விரல் அகலத்துக்கு முடி இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். தங்கச்சியும் இப்போது அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்றாள்.

"மூணாம் வகுப்புப் புள்ளைக்கு ரெண்டு தோள்ல வாரு போட்டுக் குடுக்குறோம். இவங்களுக்கு ஏன் இல்ல?"

"அது புத்தகம், இது கொழுந்து," என்றேன்.

"அதான்கா. அந்த வித்தியாசத்தத்தான் யோசிக்கணும்."

நான் வெட்டினேன், அவள் தைத்தாள். முதல் பை தோல்வி. தங்கச்சி ஒருநாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொழுந்து எடுக்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பைக்குள் எறிவார்கள். தலையில் கயிறு இழுக்கும்போது பழைய பையின் வாய் திறந்து நிற்கும். தோளில் மாட்டியதும் வாய் மூடிக்கொண்டது. கொழுந்தெல்லாம் தரையில் விழுந்து கங்காணியிடம் பேச்சு வாங்கினாளாம்.

எனக்கு அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது.

நான்கு நாட்கள் கழித்து வந்து பார்த்தால், என் எம்பிராய்டரி வளையம் பையின் வாயில் தைக்கப்பட்டிருந்தது. பயிற்சி முடிந்த அன்று வகுப்பில் முதலாவதாக வந்ததற்காக எனக்குக் கொடுத்த வளையம். பூவேலைக்கு அதைத்தான் வைத்திருந்தேன். கேட்காமல் எடுத்திருந்தாள்.

"இது என்னோடது," என்றேன்.

"தெரியும்கா. துணிய விரிச்சுப் புடிக்கிறதுக்கு இதவிட நல்ல சாமான் எங்க இருக்கு? பாருங்க, வாய் மூடல. நாளைக்குக் கம்பி வாங்கி வளைச்சு மாட்டிட்டு இத அவுத்துத் தந்துர்றேன்."

சொன்னபடி அடுத்த நாளே அவிழ்த்துத் தந்தாள். துடைத்து, என் ஊசிப்பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் அதில் ஒரு பூகூடப் போடவில்லை.

பை நன்றாக வந்தது. தங்கச்சி சொல்லி இன்னும் ஆறு பேர் கேட்டார்கள். அந்தச் செய்தி எப்படியோ போய், சிறுகைத்தொழில் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ்ஸும் படம் எடுக்க ஒருவரும் கடைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹாஜியார் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவளும் இல்லை. அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்தாள். கடையில் நான் மட்டும்.

மிஸ் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயிலிருந்த கம்பி வளையத்தை அழுத்திப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. இத யாரு செஞ்சது?"

"நான்தான் மிஸ் வெட்டுனேன்," என்றேன்.

அது பொய் அல்ல. அந்தப் பையின் ஒவ்வொரு துண்டையும் வெட்டியது என் கைதான். மிஸ் என் பெயரை எழுதிக்கொண்டார், போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். "தைச்சது இன்னொரு தங்கச்சி" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் படம் எடுப்பவர் பையை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். போனேன். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. "தோட்டப் பெண்களின் தலைச்சுமையை இறக்கிய தையல்காரி" என்று போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அவள் பத்திரிகையோடு வந்தாள். நான் மெசினுக்குள் தலையை விட்டுக்கொண்டு எண்ணெய் போட்டேன்.

"அக்கா, ஒங்க படம் எவ்வளவு பெருசா வந்திருக்கு பாத்தீங்களா? ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸுக்கெல்லாம் காட்டுனேன்." பிறகு படத்தைக் கிட்ட வைத்து உற்றுப் பார்த்தாள். "வாரு ஒண்ணு மட்டும் முறுக்கிக்கிட்டு இருக்கு. இதப் பாத்துட்டு அப்பிடியே மாட்டுனாங்கன்னா தோள் வலிக்கும்."

அவள் சொன்ன குறை அது ஒன்றுதான். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். ஹாஜியார் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பைதானே இது?" என்றார்.

"ஆமாங்க ஹாஜியார்," என்று எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

ஒரு தோட்டத்தில் இருபது பெண்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக அலுவலகத்தில் முடிவானது. இரவு பகலாகத் தைத்தோம் என்று சொல்ல மாட்டேன். அவள் சிரித்துப் பேசிக்கொண்டே தைத்தாள், நான் பேசாமல் வெட்டினேன். பைகள் போய் மூன்று வாரத்தில் மழை தொடங்கியது. மிஸ் என் போனுக்கு எடுத்தார்.

"ஒரு பிரச்சினை இருக்கு. கொழுந்து நனைஞ்சா தண்ணி இறங்கி முதுகெல்லாம் ஈரமாகுதாம். பழைய பை முதுகுல ஒட்டாம தள்ளித் தொங்கும். இது ஒட்டிக்கிது. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நீங்கதானே செஞ்சீங்க, ஒரு வழி யோசிச்சுச் சொல்லுங்க. இல்லாட்டி தோட்டத்துத் தொரை எல்லாத்தையும் திருப்பி அனுப்பப் போறாராம். தலவாக்கலையில கூட்டம் வச்சிருக்கோம், அதுக்குள்ள சொன்னாப் போதும்."

"சொல்றேன் மிஸ்," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவள் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா?" என்றாள். "வீட்டுல இருந்து" என்றேன்.

அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியாது? ஞாயிறு காலையில் என் வீட்டுக்காரர் எங்கள் மரக்கறித் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்கு மண் அணைக்கப் போனதும், கூடத்தில் பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினேன். கொழுந்துப் பைக்குப் பக்கத்தில் மாவு சலிக்கிற அரிதட்டை வைத்தேன். மழைக்கோட்டு வைத்தேன். தேங்காய் துருவி, சீப்பு, இடியப்பத் தட்டு, பழைய ரப்பர் செருப்பு. அவளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வளைந்ததற்கு வளைந்ததும், ஓட்டைக்கு ஓட்டையும் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அரிதட்டைப் பார்க்கும்போது அவள் முகம் வந்தது. செருப்பைப் பார்க்கும்போது, அவளாக இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பாளே என்று தோன்றியது. வீட்டுக்காரர் திரும்பி வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்னா, வீட்டக் காலி பண்ணிட்டுப் போறோமா?" என்றார்.

பாயைச் சுருட்டினேன்.

அப்படியே பத்து நாள் போனது. மழை நிற்கவில்லை. கடையின் ஜன்னலில் நீர் வழிவதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ ஒரு மலையில் இருபது முதுகுகள் நனைவது தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் அவள் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பை முதுக நனைக்குதாம். ஆஸ்பத்திரி கிளினிக்குல அந்தத் தோட்டத்து ஆள் ஒருத்தங்க சொன்னாங்க. காய்ச்சல்ல வந்திருக்காங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பத்து நாளா."

அவள் குடையை மடக்கினாள். மடக்கி முடிக்க ரொம்ப நேரம் எடுத்தாள். எனக்கு அவள் திட்டினால் போதும் போலிருந்தது.

"நீங்களும் என்னைய மாதிரித்தான்க்கா," என்றாள் கடைசியில். "ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாக்குறீங்க. நான் வந்த நாள்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. ஆனா பாத்ததும் ரெண்டுல ஒண்ணத் தூக்கி எறிஞ்சிறணும்னு நெனைக்கிறீங்க. ரெண்டும் இருந்தாத்தானே ஏதாவது வெளங்கும்."

குரலை உயர்த்தவில்லை. போய்த் தன் மெசினில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான்.

அடுத்த நாள் காலையில், பழைய கூரைத் தகரத்தில் ஒரு முழத் துண்டைக் கொண்டுவந்து மேசையில், பைக்குப் பக்கத்தில் வைத்தாள். லயத்துக் கூரை மாற்றியபோது மிஞ்சியது.

"தட்டையான தகரமா இருந்தா தண்ணி பரவி எல்லா எடத்துலயும் ஒழுகும். நெளிவு இருக்கிறதால பள்ளத்துலயே ஓடிருது. மேட்டுல தண்ணி இல்ல." தகரத்தின் மேட்டில் விரலை ஓட்டினாள். "பையோட முதுகு தட்டையா இருக்கு. நீங்க வெட்டுங்கக்கா. நெளிவு எவ்வளவு வேணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

முதுகுப்பக்கத்துக்கு நீர் இறங்காத துணி போட்டு, அதற்கு மேல் மேலிருந்து கீழாகப் பஞ்சு திணித்த ஆறு வரிகள் வைத்தோம். வரிகள்தான் முதுகில் படும். இடையிலுள்ள பள்ளங்களில் நீர் இறங்கி அடியில் வெளியே போகும், காற்றும் போகும். எத்தனை வரி, எவ்வளவு உயரம், எங்கே நிறுத்துவது எல்லாம் நான் கணக்குப் பார்த்து வெட்டியது. முதல் வெட்டிலேயே சரியாக வந்தது. வாளி நீரை ஊற்றி அவளே மாட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் நடந்து காட்டினாள். சட்டை காய்ந்தே இருந்தது.

தலவாக்கலைக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் இருவருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். ஜன்னல் பக்கமும் விட்டுக்கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. கூட்டத்தில் மிஸ், தோட்டத்திலிருந்து இரண்டு பேர், பை போட்டுப் பார்த்த பெண்களில் ஏழெட்டுப் பேர். மிஸ் என்னை எழுந்து விளக்கச் சொன்னார். எழுந்தேன். அவள் கீழே உட்கார்ந்து புதிய பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் வாரை எப்படி மாட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. என்ன சொல்வதென்பதை என்னிடமே விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"இது என் யோசனை இல்ல மிஸ்," என்றேன். "மொத பையும் என் யோசனை இல்ல. இவங்களோடது. நான் வெட்டுனது மட்டுந்தான். அன்னைக்குச் சொல்லியிருக்கணும், சொல்லல. தண்ணி எறங்குற விஷயத்தையும் பத்து நாளா இவங்ககிட்ட சொல்லல. சொல்லியிருந்தா இவங்க எல்லாரும் இவ்வளவு நாள் நனைஞ்சிருக்க மாட்டாங்க."

காய்ச்சல் வந்து தேறிய பெண் ஒருத்தி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு மிஸ் மெதுவாகக் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்காம். அடுத்து அவளை எழுப்பினார்கள். அவளுக்கும் தட்டினார்கள். அந்த நேரத்திலும், யாருக்கு அதிக நேரம் தட்டினார்கள் என்று என் காது கவனித்தது.

ஆறு மாதத்தில் ஹட்டனில் ஒரு பட்டறை போட்டார்கள். பைகள், மழைக்குப் போடும் அங்கிகள், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணிகள் எல்லாம் அங்கே தைப்பதென்று ஏற்பாடு. பொறுப்பு அவளுக்கு. கடைசி நாள் ஹாஜியார் அவளுக்கு ஒரு சேலை கொடுத்தார். "தங்கச்சி போனா கடை வெறிச்சோடிப் போகும்" என்றார். அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. வெட்டுறதுக்கு ஆள் கேட்டுருக்காங்க, நான் ஒங்க பேரத்தான் சொல்லியிருக்கேன். நான் யோசிச்சா மட்டும் போதாது. அந்த வரிய ஒரே வெட்டுல கொண்டாந்த கை வேற யாருகிட்டயும் இல்ல."

"ஹட்டன் தூரம்," என்றேன். "வீட்டுல மாமிக்கு முடியல. தெனம் போயிட்டு வர முடியாது."

என் மாமியாருக்கு அப்போது ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து கோழிக்குத் தீனி போட்டு, பக்கத்து வீட்டாரோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் அது தெரியும். போன வாரம்தான் கோயிலில் பார்த்திருந்தாள். "சரிங்கக்கா, மாமிய நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. ஊசி குத்திய விரல்கள். என் விரல்களும் அப்படித்தான்.

அவள் போன பிறகு கோவாவும் தகரமும் இல்லாமல் என் மேசை சுத்தமாக இருக்கிறது. சீருடைக்கு வந்த அந்தப் பிள்ளை இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இடது தோளுக்குப் பஞ்சு வைத்து நானே வெட்டிக் கொடுக்கிறேன். கொலர் நேராக நிற்கிறது.

ஹட்டன் பட்டறைக்கு வெட்டுவதற்குப் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். சின்னப் பிள்ளை, டிப்ளோமாவும் இல்லையாம். ஹட்டனுக்குப் போய் வருகிற யாரைக் கண்டாலும் நான் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறேன். அந்தப் பட்டறைக்குப் பொறுப்பாக இருக்கிறவளைப் பற்றி இப்போது நான் கேட்பதே இல்லை. வெட்டுகிற பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறேன். எப்படி வெட்டுகிறாள், கை நடுங்குகிறதா, அவளோடு சேர்ந்துதான் தேநீர் குடிக்கிறாளா, இரண்டு பேரும் ஒரே மேசையிலா நிற்கிறார்கள் என்று.